அயலானுக்காக ஆயுதம்: மோசே முதல் மை லாய் வரை

யாத்திராகமம் இரண்டாம் அதிகாரத்தில் மோசே எகிப்தியனைக் கொன்று மணலில் புதைத்த நிகழ்ச்சி நம் பிரசங்க பீடங்களில் மிகுதியாக எடுத்தாளப்படுவதில்லை. எரியும் முட்செடியண்டை விரைந்து செல்லும் ஆர்வத்தில், அதனை ஓர் இளமைப் பிழை என்று ஒரே வாக்கியத்தில் கூறிக் கடந்து விடுகின்றோம். ஆனால் திருச்சபையின் அறநெறிச் சிந்தனை வளர்ந்த வரலாற்றை ஆராய்வோர்க்கு இப்பகுதி எளிதிற் கடந்து செல்லத்தக்கதன்று. ஒருவன், தன்னைத் தாக்காத மற்றொருவன் தனக்கு முன்பின் அறிமுகமில்லாத ஒரு மனிதனைத் தாக்கக் காண்கின்றான். கண்டு நிற்பவன் ஆயுதம் எடுக்கலாமா? எடுக்காவிடில் அவன் குற்றமற்றவனா? பண்டைத் திருச்சபைப் பிதாக்கள் இவ்வினாவை மோசேயின் செயலை முன்வைத்தே எழுப்பினர். விடையில் அவர்கள் ஒன்றுபடவில்லை. ஆசிரியர் ஒன்று கூறினார். அவர் கையால் ஞானஸ்நானம் பெற்ற மாணவர் வேறொன்று கூறினார்.

அவ்வேறுபாட்டை முதலில் எடுத்துரைத்து, பின்னர் 1968ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் வியட்நாமில் ஒரு ஹெலிகாப்டர் விமானி சில நிமிடங்களுக்குள் செய்த முடிவை அதனருகே வைத்து நோக்குவது இக்கட்டுரையின் கருத்தாகும். இத்தகைய பொருளைப் பற்றி எழுதுவோர் போன்ஹோபரை அழைத்து வருவது வழக்கம். ஈண்டு அவரைக் கொணராமைக்குக் காரணம் உண்டு. போன்ஹோபர் சிந்திக்கவும் எழுதவும் நண்பரோடு ஆலோசிக்கவும் ஆண்டுக்கணக்கில் காலம் பெற்றிருந்தார். நம் சபை மக்கள் இத்தகைய முடிவு ஒன்றைச் செய்ய நேரிடுமாயின், பெரும்பாலும் அந்த ஹெலிகாப்டர் விமானிக்குக் கிடைத்த அளவு காலமே அவர்களுக்கும் கிடைக்கும்.

மிலானும் ஹிப்போவும்

மிலான் நகர அத்தியட்சர் அம்புரோஸ், குருமாரின் கடமைகளைப் பற்றி கி.பி. 390ஐ ஒட்டி ஒரு நூல் எழுதினார். ரோமப் பேச்சாளர் சிசரோவின் கடமை நூலைப் பின்பற்றி, அதன் சட்டகத்திற்குள் திருமறையின் மாந்தரை இருத்தி எழுதிய நூல் அது. அதன் முதற்பகுதியில் வீரம் என்னும் நற்பண்பைப் பற்றிப் பேசுமிடத்து, தன் தோழனுக்கு நேரும் தீங்கைத் தடுக்க இயன்றும் தடுக்காதவன், அத்தீங்கைச் செய்தவனுக்கு ஒப்பாகவே குற்றமுடையவன் என்று அவர் உரைக்கின்றார். அதற்கு அவர் காட்டும் சான்று மோசே எகிப்தியனை வீழ்த்திய செயல். மோசேயின் வீரம் அங்கேதான் முதன்முதல் வெளிப்பட்டது என்பது அம்புரோஸின் துணிபு. அதே நூலின் மூன்றாம் பகுதியிலோ, ஆயுதமேந்திய கள்வன் தன்னைத் தாக்கும்போது கிறிஸ்தவன் திருப்பி அடிக்கலாகாது என்கின்றார். தன் உயிரைக் காக்கும் முயற்சியில் அன்பை மாசுபடுத்தலாகாது என்பது காரணம். இவ்விரு கூற்றுகளையும் ஒருங்கே வைத்து நோக்கின் அவருடைய நிலை தெளிவாகும்: தனக்காக வாள் இல்லை, அயலானுக்காக வாளெடாமல் இருப்பதோ குற்றமாகவும் ஆகலாம்.

அகுஸ்தீன் கி.பி. 387ஆம் ஆண்டு உயிர்த்தெழுதல் பண்டிகையின்போது அம்புரோஸின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்குப் பின், மனிகேயரான பௌஸ்துஸ் பழைய ஏற்பாட்டுப் பிதாக்களைக் கொலைகாரர் என்றும் ஒழுக்கங்கெட்டவர் என்றும் இகழ்ந்தபோது, அவருக்கு மறுப்பு எழுதும் பொறுப்பு அகுஸ்தீனிடம் வந்து சேர்ந்தது. மோசேயை முழுதும் காத்துப் பேசுவார் என்று எதிர்பார்க்கும் வாசகர் அங்கு வியப்படைவர். எகிப்தியன் தீயவனாயினும், அவனைக் கொல்ல மோசேக்கு முறையான அதிகாரம் ஏதும் இருந்ததில்லை. ஆகவே நித்திய சட்டத்தின் முன் அச்செயல் தகாதது என்று அகுஸ்தீன் எழுதுகின்றார். ஆயினும் உழவன் ஒரு நிலத்தில் மண்டிக் கிடக்கும் களையைக் கண்டே அம்மண்ணின் வளத்தை அறிந்து கொள்வதுபோல, அச்செயலில் பிற்கால மீட்பனின் வளத்தைக் காணலாம் என்றும், கெத்செமனேயில் வாளை உருவிய பேதுருவும் அவ்வாறே என்றும் கூறுகின்றார். கி.பி. 398இல் பப்ளிகோலா என்னும் ரோமப் பெருமகனுக்கு வரைந்த கடிதத்திலும் இதே அளவுகோலைக் காண்கின்றோம். போர்வீரனோ அரசு அலுவலனோ முறையான அதிகாரம் பெற்று, தனக்காக அன்றிப் பிறருக்காகவும் நகருக்காகவும் செய்தாலொழிய, தற்காப்புக்காகக் கொல்லுதலை அவர் ஏற்பதில்லை.

இதில் ஒரு விந்தை உண்டு. அம்புரோஸ் அத்தியட்சராகுமுன் மிலானைத் தலைநகராகக் கொண்ட மாகாணத்தின் ஆளுநராய் இருந்தவர். அதிகாரமென்பதை உள்ளிருந்தே அறிந்தவர். அகுஸ்தீனோ சொற்கலை ஆசிரியராய் இருந்தவர். ஆண்டு பழகிய அம்புரோஸ் மோசேயிடம் அதிகாரச் சான்று கேட்கவில்லை. ஆண்டறியாத அகுஸ்தீனே அதைக் கேட்டார். இதற்கு விளக்கம் தேடுவோர் தெசலோனிக்கேயை நினைத்துப் பார்க்கலாம். கி.பி. 390இல் அந்நகரத்தில் ஒரு படைத்தலைவன் கலகக்காரரால் கொல்லப்பட்டதற்குப் பழியாக, தியோதோசியுஸ் பேரரசரின் படைவீரர் நகர மக்களை ஆயிரக்கணக்கில் வெட்டி வீழ்த்தினர். ஆணை பேரரசருடையது, அகுஸ்தீன் வேண்டிய முறையான அதிகாரத்திற்கு அங்குக் குறைவேயில்லை. அச்செய்தியறிந்த அம்புரோஸ் பேரரசருக்குக் கடிதம் எழுதி, மனந்திரும்பிப் பொதுவில் வருந்தினாலன்றி அவருக்குத் திருவிருந்து அளிக்க இயலாது என்று அறிவித்தார். பேரரசரும் பணிந்தார். அம்புரோஸின் இத்துணிவை நாம் போற்றுகின்றோம், போற்றத்தக்கதே. ஆனால் கொலை நடந்த பொழுதில் வெட்டுவோனுக்கும் வெட்டப்படுவோனுக்கும் இடையே எவரும் வந்து நின்றதாக நாம் அறியோம்.

அகுஸ்தீன் தம் தீர்ப்பை இறுதிவரை அப்படியே விட்டுவிடவும் இல்லை. கி.பி. 419ஐ ஒட்டித் திருமறையின் முதல் ஏழு நூல்கள் பற்றிய வினாக்களை எழுதியபோது, அப்போஸ்தலர் நடபடிகள் ஏழாம் அதிகாரத்தில் ஸ்தேவான் அந்நிகழ்ச்சியைக் கூறும் முறை அவர் கவனத்தை ஈர்த்தது. தேவன் தன் கையினாலே விடுதலை தருகிறார் என்பதைத் தன் சகோதரர் உணர்வரென மோசே எண்ணினான் என்று ஸ்தேவான் கூறுவதால், மோசே அப்போதே தேவ ஏவுதல் பெற்றிருந்தான் என்று கொள்ள இடமுண்டு என அவர் எழுதினார். எழுத்தில் இல்லாத அதிகாரம் ஒன்றை, இருபது ஆண்டுகள் கழித்து, அவரே மோசேக்கு வழங்க முற்பட்டார் எனலாம்.

இடைக்காலத்தை விரிக்க வேண்டியதில்லை. அகுஸ்தீனின் அளவுகோலே ஆட்சி செய்தது. சீர்திருத்தக் காலத்தில் லுத்தர் 1523இல் உலக அதிகாரத்தைப் பற்றி எழுதிய நூலில் இரு பிதாக்களையும் ஒருவாறு இணைக்கின்றார்: கிறிஸ்தவன் தன் பொருட்டு வாளை நாடான், அயலானுடைய நன்மைக்காக, வாளேந்தும் அரசுப் பணியை ஏற்பான். 1526இல் போர்வீரரும் இரட்சிப்படைதல் கூடுமோ என்னும் வினாவிற்கு விடையாக எழுதிய நூலில், தலைவன் செய்யும் போர் அநீதியானதென்று உறுதியாக அறிந்த வீரன், மனிதரைக் காட்டிலும் தேவனுக்கு அஞ்சி, அப்போரில் சேராதிருக்க வேண்டும் என்கின்றார். சேராதிருத்தலே அவர் கூறிய எல்லை. அதற்கு அப்பால் அவ்வீரன் என் செய்வான் என்பதை அவர் கூறவில்லை. 1527இல் ஷ்லைத்தைமில் கூடிய மறுஞானஸ்நானிகளோ, வாள் தேவனுடைய நியமமாயினும் கிறிஸ்துவின் பூரணத்திற்குப் புறம்பானது என்று கூறி விலகி நின்றனர்.

நம் காலத்திற்கு நெருங்கி வருவோம். அமெரிக்க மெதடிஸ்டு அறநெறியாளர் பால் ராம்சே 1968இல் வெளியிட்ட நீதிப்போர் பற்றிய நூலில் ஒரு வினாவை எழுப்பினார். எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் பாதையில் சமாரியன் வந்தபோது கள்வர் தம் வேலையை முடித்துச் சென்றிருந்தனர். அவன் சற்று முன்னர், அவர்கள் அடித்துக்கொண்டிருக்கும்போதே வந்திருப்பானாகில், அவன் என்ன செய்வதை இயேசு விரும்பியிருப்பார்? எண்ணெயும் திராட்சரசமும் வார்க்க, கள்வர் முடிக்கும்வரை அவன் காத்திருப்பானா? இவ்வினா வகுப்பறைகளில் பெரிதும் புகழ்பெற்றது. அதில் ஒரு குறை உண்டென்பது என் கருத்து. கள்வர் யார் என்பதில் ராம்சேயின் சமாரியனுக்கு ஐயமில்லை, அவர்கள் வழிப்பறிக்காரர். அவர்கள் அவனுடைய சொந்த நாட்டார் என்றும், அவன் அணிந்த சீருடையையே அணிந்தவர்கள் என்றும், அவனைவிட உயர்ந்த பதவியினர் என்றும் ராம்சே கற்பனை செய்யவில்லை. அந்நூல் வெளிவந்த அதே ஆண்டில் அத்தகைய சாலை ஒன்றில் ஒருவர் வந்திறங்கினார்.

சோன் மியில் ஒரு காலை

வியட்நாமின் குவாங் ஙாய் மாகாணத்தில் சோன் மி என்பது பல குடியிருப்புகள் அடங்கிய ஓர் ஊர். அக்குடியிருப்புகளுள் ஒன்றை அமெரிக்கப் படையின் வரைபடம் மை லாய் 4 என்று குறித்திருந்தது. கண்ணிவெடிகளில் தோழரை இழந்து சினமுற்றிருந்த சார்லி கம்பெனி, கேப்டன் எர்னெஸ்ட் மெடினாவின் தலைமையில், 1968 மார்ச் 16 காலையில் அங்கு இறங்கியது. பகைவரின் படைப்பிரிவு அங்கிருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. இருந்தவர்களோ பெண்களும் முதியோரும் சிறுவர்களும். எதிர்த்து ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. அன்று நண்பகலுக்குள் கொல்லப்பட்டோர் தொகையை அமெரிக்க இராணுவம் 347 என்று கணக்கிட்டது. சோன் மியில் உள்ள நினைவகம் 504 பேரின் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கின்றது. கைப்பற்றப்பட்ட ஆயுதங்கள் மூன்று.

ஹ்யூ தாம்சன் அப்போது 24 வயதினர். லெப்டினன்டுக்குக் கீழ்ப்பட்ட வாரண்ட் அதிகாரி. அவர் செலுத்தியது வேவு பார்க்கும் சிறு ஹெலிகாப்டர். உடனிருந்தவர் இருவர்: 20 வயதினரான கிளென் ஆண்ட்ரியோட்டா, 18 வயதினரான லாரன்ஸ் கோல்பர்ன். பகைவரின் துப்பாக்கிச் சூட்டைத் தம்மீது ஈர்த்து அவர்களுடைய இருப்பிடத்தைக் காட்டிக் கொடுப்பதே அவர்களுடைய பணி. அன்று காலை எவரும் அவர்களைச் சுடவில்லை. கீழே காயமுற்றுக் கிடந்த ஊராரைக் கண்ட தாம்சன், மருத்துவ உதவி வரட்டும் என்று அவ்விடங்களைப் பச்சைப் புகைக்குண்டால் அடையாளமிட்டார். சுற்றி வந்து மீண்டும் பார்க்கையில் அடையாளமிடப்பட்டோர் இறந்து கிடந்தனர். உதவிக்கென இட்ட குறி கொலைக்குக் குறியாயிற்று என்று அவர் உணர்வதற்குச் சிறிது நேரம் பிடித்தது. தம் நாட்டு வீரர் இதைச் செய்வர் என்று நம்ப அவர் மனம் மறுத்தது.

பின்னர் ஒரு பாசன வாய்க்கால் உடல்களால் நிரம்பிக் கிடப்பதைக் கண்டு அங்கே இறங்கினார். உயிரோடு இருப்போருக்கு உதவும்படி அங்கு நின்ற சார்ஜெண்டை வேண்டினார். அவர்களுடைய துன்பத்தை முடித்து வைப்பதுதான் செய்யக்கூடிய உதவி என்று விடை கிடைத்தது. லெப்டினன்ட் வில்லியம் காலியோடும் சொற்போர் நிகழ்ந்தது. இது தன் பொறுப்பென்றும், தாம்சன் தம் வேலையைப் பார்க்கலாமென்றும் காலி கூறினார். தாம்சன் மேலெழும்பினார். எழும்பியவுடன் வாய்க்காலுக்குள் மீண்டும் சுடும் ஓசை கேட்டது. வாசகர் இவ்விடத்தில் சற்றே நின்று நோக்க வேண்டும். வேண்டுகோள், முறையீடு, வாக்குவாதம் ஆகிய ஆயுதமற்ற வழிகளை அவர் முயன்று பார்த்தார். முயன்ற ஒவ்வொரு முறையும் மக்கள் மாண்டனர்.

அதன்பின் ஊரின் வடகிழக்கே ஒரு பதுங்குகுழியை நோக்கிச் சிலர் ஓடுவதையும், வீரர் அவர்களைத் துரத்தி வருவதையும் கண்டார். இரு சாராருக்கும் இடையே இருந்த வெளியில் ஹெலிகாப்டரை இறக்கினார். இறங்குமுன் தம் இளைஞர் இருவரிடமும் கூறியது இதுவே: தாம் அம்மக்களை வெளியே கொண்டுவரும்போது அமெரிக்க வீரர் அவர்கள்மீதோ தம்மீதோ சுடுவாராயின், அவ்வீரரைச் சுட வேண்டும். இருவரும் இசைந்தனர். தாம்சன் தம் கைத்துப்பாக்கியை உறையிலேயே விட்டு நடந்து சென்று, அங்கிருந்த லெப்டினன்டோடு பேசினார். பதுங்குகுழியிலிருந்து அவர்களை வெளியேற்றக் கைக்குண்டுதான் வழி என்றார் அவர். தமக்கு வேறு வழி தெரியும் என்று கூறி, வீரருக்கு முதுகைக் காட்டிப் பதுங்குகுழியை நோக்கிச் சென்று, கைகாட்டி அழைத்தார். ஏறக்குறையப் பத்துப் பேர் அஞ்சி அஞ்சி வெளியே வந்தனர். அத்தனை பேருக்கும் அவருடைய ஹெலிகாப்டரில் இடமில்லை. மேலே காவலாக வந்த பெரிய போர் ஹெலிகாப்டரின் விமானியைக் கம்பியில்லாக் கருவியால் அழைத்து இறங்கச் செய்தார். போர்க்களத்தில் அவ்வகை ஹெலிகாப்டர் இவ்வாறு இறங்குவது வழக்கத்திற்கு மாறானது. அது இருமுறை வந்து அவர்களை ஏற்றிச் சென்றது. அதுவரை அம்மக்களுக்கும் வீரருக்கும் இடையே தாம்சன் நின்றார். ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

திரும்பும் வழியில் வாய்க்காலின்மேல் பறந்தபோது, உடல்களின் நடுவே ஏதோ அசைவதை ஆண்ட்ரியோட்டா கண்டார். அவர் அதனுள் இறங்கி, இறந்தோரை விலக்கி, ஒரு குழந்தையை உயிரோடு தூக்கி வந்தார். அதனைக் குவாங் ஙாய் மருத்துவமனையில் சேர்த்தனர். தாம்சன் தளத்திற்குச் சென்று தம் மேலதிகாரிகளிடம் கடுஞ்சினத்தோடு முறையிட்டார். அதன் பின்னரே சுடுதலை நிறுத்தும் ஆணை களத்திற்குச் சென்றது. ஆண்ட்ரியோட்டா மூன்று வாரங்களுக்குப் பின், ஏப்ரல் 8ஆம் நாள், போரில் கொல்லப்பட்டார்.

படைக்குருமார்

குருமாரும் இறையியல் மாணவரும் படிக்கும் ஏட்டில், பலர் கூறாது விடும் பகுதி ஒன்றைக் கூறாதிருத்தல் நேர்மையாகாது. தாம்சன் தாம் கண்டதைத் தம் அதிகாரிகளிடம் மட்டும் கூறவில்லை. ஒரு குருவானவரிடமும் சென்று கூறினார். அவர் எபிஸ்கோப்பல் திருச்சபையைச் சேர்ந்த கார்ல் கிரெஸ்வெல். படைப்பிரிவின் பீரங்கிப் பகுதிக்குச் சாப்ளினாக இருந்தவர். அவர் கேட்டார், நம்பினார், கலங்கினார் என்பதிலும் ஐயமில்லை. அவர் அதனைத் தமக்கு மேற்பட்ட சாப்ளினாகிய பிரான்சிஸ் லூயிஸ் என்பாரிடம் தெரிவித்தார். லூயிஸ் அலுவலர் சிலரிடம் விசாரித்தார். அது கவனிக்கப்பட்டு வருகிறது என்னும் பொருள்பட விடை கிடைத்தது. அத்தோடு அது நின்றது. எழுத்தில் முறையீடு இல்லை. இராணுவத்தின் விசாரணை அலுவலகங்களுக்கு அறிவிப்பு இல்லை. ஓராண்டுக்குப் பின் ரான் ரைடன்அவர் என்னும் முன்னாள் வீரர் 1969 மார்ச்சில் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் பிறருக்கும் கடிதங்கள் எழுதியதாலும், அவ்வாண்டு நவம்பரில் செய்தியாளர் சீமூர் ஹெர்ஷ் வெளியிட்டதாலுமே உலகம் இதை அறிந்தது. 1970இல் ஜெனரல் வில்லியம் பீர்ஸ் அளித்த விசாரணை அறிக்கை, உண்மையை மறைத்தோரையும் அதற்கு இடங்கொடுத்தோரையும் ஆராய்ந்தபோது, இவ்விரு குருமாரையும் தவறாமல் குறிப்பிட்டது. அறிந்ததை உரிய இடத்தில் உரிய முறையில் தெரிவிக்காமல் விட்டனர் என்பதே அவர்கள்மீது அது கூறிய குறை.

இவர்கள் தீயோர் அல்லர். நம்மிற் பெரும்பாலோர் செய்வதையே செய்தனர்: மேலிடத்தில் மெதுவாகச் சொல்லி வைத்தனர். அம்புரோஸின் கடிதமும் இவர்களுடைய வாய்மொழிச் செய்தியும் ஒரே வகைக் கடமையிலிருந்து பிறந்தவையே. கடிதத்தில் கையொப்பம் இருந்தது, இதில் இல்லை. துப்பாக்கி எடுப்பதா என்னும் பெருவினாவைப் பற்றி நாம் வகுப்பறையில் நெடுநேரம் வாதிடுகின்றோம். துப்பாக்கியோடு திரும்பி வந்து கதவைத் தட்டுபவன் கூறுவதைக் கேட்டபின் குருவானவர் செய்ய வேண்டியது யாது என்பதற்கு நம் பாடத்திட்டத்தில் எவ்வளவு இடம் உள்ளது?

இரு பிதாக்களிடம் மீண்டும்

மை லாயை மோசேயின் செயலருகே வைத்து நோக்கும்போது, அகுஸ்தீனின் அளவுகோல் திணறுவதைக் காண்கின்றோம். தாம்சன் படைவீரர், ஆயுதமேந்த முறையான அதிகாரம் பெற்றவர். ஆனால் எதிரே நின்றவர்களும் அத்தகையோரே. அவர்களுடைய தலைவர் பதவியிலும் உயர்ந்தவர். குடிமக்களைக் கொல்லலாகாது என்பது அமெரிக்க இராணுவத்தின் சட்டமே ஆகையால், அன்று அவ்வெளியில் சட்டத்தின் பக்கம் நின்றவர் தாம்சன் என்று வாதிடலாம். வாதம் சரியே. ஆனால் சொந்தப் படையினரைச் சுடும்படி எந்தச் சட்டமும் அவருக்கு ஆணையிடவில்லை. அவருக்கு மேற்பட்ட எவரும் அவ்வேளையில் அவரைத் தாங்கவில்லை. நாடாளுமன்றத்தின் ஆயுதப்படைக் குழுத் தலைவராயிருந்த மெண்டல் ரிவர்ஸ், இவ்விவகாரத்தில் தண்டிக்கப்பட வேண்டியவர் ஒருவர் உண்டாயின் அவர் தாம்சனே என்னும் கருத்தை வெளிப்படையாகக் கூறினார். தாம்சனுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. குற்றஞ்சாட்டப்பட்டோருள் காலி ஒருவரே 1971இல் தண்டனை பெற்றார். அவரும் ஆயுள் தண்டனைக்குப் பதிலாக ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள், பெரும்பாலும் வீட்டுக் காவலில் இருந்து, 1974இல் வெளியேறினார். அமெரிக்க இராணுவம் தாம்சன், கோல்பர்ன், இறந்துபோன ஆண்ட்ரியோட்டா ஆகிய மூவருக்கும் போர்வீரர் பதக்கம் வழங்கியது 1998ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள். மோசேக்கு அதிகாரம் இருந்திருக்கலாம் என்று எழுத அகுஸ்தீனுக்கு இருபது ஆண்டுகள் ஆயின, இராணுவத்திற்கு முப்பது. அதிகாரம் பிந்தி வருமாயின், செயலின் வேளையில் அது அளவுகோலாக எவ்வாறு உதவும்?

லுத்தர் 1526இல் கூறிய அறிவுரையும் அன்று நிறைவேற்றப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சார்லி கம்பெனியில் சுட மறுத்த வீரர் சிலர் இருந்தனர். ஆணையை மீறித் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்ட அவர்களுடைய மனத்துணிவு சிறிதன்று. ஷ்லைத்தைம் மரபினரும் அவர்களைக் குறை கூற இயலாது. அவர்கள் கையில் இரத்தமில்லை. எனினும் அவர்கள் அருகே நின்றபோதே வாய்க்கால் நிரம்பியது. தீமை செய்யாதிருத்தலுக்கும் தீமையைத் தடுத்தலுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்பதை அம்புரோஸின் கடுஞ்சொல் அளந்து காட்டுகின்றது. அச்சொல் நம்மை அஞ்சச் செய்ய வேண்டும். அதனை முழுமையாக ஏற்பின், உயரத்தில் ஹெலிகாப்டர்களில் சுற்றிக்கொண்டிருந்த படைத்தலைவர் மட்டுமல்லர், துப்பாக்கியைத் தாழ்த்தி நின்ற அந்த நல்லோரும் தீர்ப்புக்குள் வருவர். அவ்வளவு தூரம் அம்புரோஸோடு செல்ல நான் தயங்குகின்றேன். ஆயினும் அவர்களைக் குற்றமற்றோர் என்று விடுவிக்கும் துணிவும் எனக்கில்லை.

தாம்சனின் செயலை ஆயுதமற்ற அன்பின் வெற்றியாகச் சிலர் பிரசங்கிக்கின்றனர். ஒரு குண்டும் வெடிக்கவில்லை என்பது அவர்களுடைய ஆதாரம். இது வரலாற்றைத் திரிப்பதாகும். ஆணை கொடுக்கப்பட்டுவிட்டது, இயந்திரத் துப்பாக்கிகள் ஆயத்தமாயிருந்தன. எதிரே நின்றவருள் ஒருவன் விரலை அசைத்திருப்பானாகில், கோல்பர்ன் என்னும் 18 வயது இளைஞன் தன் நாட்டவரைக் கொன்றிருப்பான். அல்லது கொல்ல இயலாமல் நின்று, தன் தலைவன் சாவதைக் கண்டிருப்பான். தாம்சன் தமக்காக மட்டும் முடிவு செய்யவில்லை. இவ்விளைஞருடைய மனச்சாட்சியின்மேலும் ஒரு சுமையை வைத்தார். இதற்கு மாறாக, தீயோரை அடக்கத் துப்பாக்கியே வழி என்பதற்கு இதனைச் சான்றாக்குவோரும் உளர். அவர்கள் கோல்பர்ன் பிற்காலத்தில் கூறிய ஒரு செய்தியை நோக்க வேண்டும். தவறுதலாகவும் வெடித்துவிடலாகாது என்று அஞ்சி, அவர் தம் துப்பாக்கியின் வாயை அவ்வீரருக்கு நேரே நீட்டாமல் தரையை நோக்கித் தாழ்த்தியே வைத்திருந்தார். முன்னே நடந்த தாம்சனின் கையில் ஒன்றுமில்லை. கொல்வோனுக்கும் கொல்லப்படுவோனுக்கும் இடையே முதலில் வந்தது ஓர் உடல். துப்பாக்கி அதன் பின்னே இருந்தது. மோசே எகிப்தியனை வீழ்த்துமுன் இங்குமங்கும் பார்த்து ஒருவருமில்லை என்று அறிந்துகொண்டான். பின்னர் மணலில் மறைத்தான். தாம்சனோ பலர் காணச் செய்து, அன்றே சென்று அறிக்கையிட்டார். பிடிபட்டால் இராணுவ நீதிமன்றம் என்னும் அச்சத்தை மறைப்பதற்குக் காரணமாகக் கொள்ளவில்லை. இவ்வேறுபாடு அம்புரோஸும் அகுஸ்தீனும் வாதிட்ட இடத்திற்கு வெளியே நிற்கின்றது. அவர்கள் கேட்டது கொல்லலாமா என்பது மட்டுமே.

இத்தகைய ஒருவரை எந்த விதியின் கீழ் வைப்பது என்று மாணவர் கேட்பர். ஆண்டவர் கட்டளைகளை மீறாமலும், இறந்துகொண்டிருப்போரை விட்டு விலகாமலும் அந்தச் சில நிமிடங்களைக் கடக்கும் விதி ஒன்றைத் திருச்சபையின் பதினாறு நூற்றாண்டு வாதம் நமக்கு ஆயத்தமாக்கித் தரவில்லை. தந்திருப்பதெல்லாம் இரு எச்சரிக்கைகள்: காணாதவன்போற் செல்லாதே என்பது மிலானிலிருந்து வருவது, உன்னை நீயே நீதிபதியாக நியமித்துக்கொள்ளாதே என்பது ஹிப்போவிலிருந்து வருவது. தாம்சன் இவற்றைப் படித்தவரல்லர். ஆனால் இறங்கியதில் ஒன்றையும், துப்பாக்கியை உறையில் வைத்ததில் மற்றொன்றையும் அவர் அறியாமலே கடைப்பிடித்தார் என்று எண்ணுகின்றேன். அவர் தம்மைப் புகழ்ந்துகொண்டதில்லை. நிகழ்ச்சிக்குப் பின் விரைவில் அவருக்கு அளிக்கப்பட்ட விருதின் பட்டயம், கடும் துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே குழந்தையைக் காத்தார் என்று, நடவாத சண்டையைப் புனைந்து கூறியது. அவர் அவ்விருதை எறிந்துவிட்டார்.

1998 மார்ச்சில், முப்பதாம் நினைவு நாளுக்காகத் தாம்சனும் கோல்பர்னும் சோன் மிக்குச் சென்றனர். அன்று அவர்களால் காப்பாற்றப்பட்ட பெண்கள் சிலரைச் சந்தித்தனர். அவர்களுள் ஒரு பெண், அந்தக் கொலைகளைச் செய்தவர்கள் ஏன் உங்களோடு வரவில்லை என்று வினவினார். தாம்சன் விடையின்றி நின்றார். அவர்கள் வந்திருந்தால் நாங்கள் அவர்களை மன்னித்திருப்போம் என்று அப்பெண் தம் சொல்லை முடித்தார். அவ்வாறு மன்னிக்கத் தம்மால் இயலவில்லை என்று தாம்சன், 2006 ஜனவரி 6ஆம் நாள் இறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், கூட்டங்களில் இதனைக் கூறும்போதெல்லாம் ஒப்புக்கொண்டார்.